மைக்கில் கேட்ட தெரு

ஊரில் புதிதாக யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "எந்த ஊரு, யாரு வூட்டுப் புள்ள?" பதில் சொன்னால் அடுத்தது வரும். "அங்க எந்தத் தெரு?" மூன்றாவதாக ஒரு கேள்வி கிடையாது. அதற்குள் கேட்டவருக்கு எல்லாம் விளங்கிவிடும். நாற்காலி எடுத்துப் போடுவதா, வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்புவதா என்பது உட்பட.

கொரோனாவுக்காகக் கல்லூரியை மூடி எங்களை வீட்டுக்கு விரட்டியபோது நான் செல்போனில் சுடும் விளையாட்டுக்குள் போய் விழுந்தேன். அங்கே அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. எனக்கு அது ஏன் அவ்வளவு பிடித்தது என்று பிறகு யோசித்தபோது, துப்பாக்கியைவிட இதுதான் காரணம் என்று பட்டது. டிவியில் உட்கார்ந்த பெரிய மனிதர்கள் எல்லாம் பிள்ளைகள் மூளை கெட்டுப்போகிறது, வன்முறை பழகுகிறது என்று கவலைப்பட்டார்கள். வன்முறை பழக எங்கள் பக்கத்தில் செல்போன் வேண்டுமா என்ன?

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்க வேண்டும். நாலு பேர் ஒரு அணி. கிடைக்கிற துப்பாக்கியை எடுத்து மற்ற அணிகளைச் சுட வேண்டும். தீவைச் சுற்றி ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். அதற்கு வெளியே மாட்டினால் உயிர் போகும். கடைசியில் மிஞ்சுகிற அணி ஜெயிக்கும். குண்டு பட்டவன் உடனே சாக மாட்டான். கீழே விழுந்து தவழ்வான். கூட்டாளி வந்து பக்கத்தில் உட்கார்ந்து தூக்கிவிட்டால் எழுந்துகொள்வான். யாரும் வராவிட்டால் அவன் கதை முடிந்தது.

எங்கள் அணியில் யாருக்கும் பெயர் கிடையாது, வேலைதான் உண்டு. லீடர் என்பவன் என் சித்தப்பா மகன், என்னைவிட மூத்தவன். தூரத்திலிருந்து சுடுவதில் கில்லாடி. நான் டிரைவர். கிடைக்கிற ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு வந்து "ஏறு ஏறு, டைம் இல்ல" என்று கத்துவது என் வேலை. மூன்றாமவன் மெடிக். அடிபட்டவனைத் தூக்கிவிடுவதில் அவனைப்போல் ஆள் கிடையாது. குண்டு பறக்கிற இடத்தில் புகையைப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்து வருவான். நாலாமவன் மலைக்காரன். கல்வராயன் மலையில் அவன் ஊரில் டவர் கிடையாது. ஒரு பாறைமேல் ஏறி உட்கார்ந்தால்தான் சிக்னல் வரும் என்பான். அவன் மைக்கில் எப்போதும் காற்று அடித்துக்கொண்டிருக்கும்.

மெடிக்கும் மலைக்காரனும் விளையாட்டிலேயே கிடைத்தவர்கள். மெடிக் வடக்கனந்தல் பக்கம் என்று மட்டும் தெரியும். நானும் லீடரும் ஒரே குடும்பம் என்று அவர்களுக்குத் தெரியாது. மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்தால் மைக்கில் எதிரொலிக்கும் என்று லீடர் வீட்டு மாடியிலும் நான் கரும்புக்கொல்லை மோட்டார் கொட்டகையிலுமாக உட்கார்வோம்.

எல்லாரும் எல்லாரையும் ப்ரோ என்றுதான் கூப்பிட்டோம். இது சாதாரண விஷயமாகத் தோன்றலாம். எங்கள் ஊரில் ஒருவனை எப்படிக் கூப்பிடுவது என்பது அவன் தெருவைப் பொறுத்தது. வேறு தெருவில் இருக்கிற என் வயதுக்காரன் என்னை ங்க போட்டுப் பேசுவான். அவன் தாத்தாவை என் சின்னம்மா பெயர் சொல்லிக் கூப்பிடும். பிறந்ததிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். தெரு ஒட்டாத ஒரு சொல் என்று நான் வாயால் சொன்ன முதல் சொல் அந்த ப்ரோதான். அதுவும் தமிழ் இல்லை.

அணிக்கு ஒரு சட்டம் உண்டு, விழுந்தவனைத் தூக்காமல் போகக் கூடாது. அதைப் போட்டவன் லீடர். ஒருமுறை ஜெயிக்கிற ஆட்டத்தில் மலைக்காரன் விழுந்துவிட்டான். விட்டுவிட்டு ஓடியிருந்தால் ஜெயித்திருப்போம். "டேய், தோத்தா நாளைக்கு ஆடிக்கலாம். ஆள வுட்டுட்டு வந்தா நாளைக்கு யார்கூட ஆடுறது?" என்று லீடர் திரும்பி ஓடினான். நாலு பேரும் செத்தோம், நாலு பேரும் சிரித்தோம். இதைச் சொல்லாமல் அவனைப் பற்றி மற்றதைச் சொன்னால் அநியாயம்.

மெடிக் சாயங்காலத்துக்கு முன்னால் வர மாட்டான். வீட்டில் இருந்தது ஒரே போன். பத்தாவது படிக்கிற தங்கச்சிக்குப் பள்ளிக்கூடப் பாடம் அதில்தான் வரும். திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக்கோடு விழுந்திருந்தது என்றும், கோட்டுக்குப் பின்னால் எவனாவது நின்றால் தெரியாது என்றும் சொல்வான். இயர்போன் மாட்டும் ஓட்டையும் போய்விட்டது. அதனால் நாங்கள் பேசுவதெல்லாம் அவன் வீட்டில் சத்தமாகவே கேட்கும். "ப்ரோ, கெட்ட வார்த்த வேணாம், எங்கம்மா சோறாக்கிக்கினு இருக்கு" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவான். கோடு பரவிக்கொண்டே வந்தது. கணக்குச் சாரின் போர்டு பாதி மறைந்துவிட்டதாம். "பாப்பா பாதி கணக்கத்தான் ப்ரோ படிக்குது" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு செல்போன் கடைக்காரர் போட்டி அறிவித்தார். வீட்டிலிருந்தே ஆடலாம், முதல் பரிசு ஒரு புதுப் போன். அணிப் பெயரைப் பதிந்தால் கடைசிவரை அதே நாலு பேர்தான் ஆட வேண்டும், ஆள் மாற்றக் கூடாது. பதிந்த அன்றைக்கே லீடர் மைக்கில் சொன்னான். "ஜெயிச்சா போனு மெடிக்குக்கு. பாப்பா முழுக் கணக்கும் படிக்கட்டும்."  மெடிக் மைக்கில் பின்னாலிருந்து யாரோ ஒரு பெண் "நெசமாவா?" என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அது எங்களுக்கு விளையாட்டாக இல்லை. ஒவ்வொரு சுற்றாக ஜெயித்துக்கொண்டே போனோம்.

அந்த மார்கழியில்தான் எங்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் மறுபடி கிளம்பியது. மறுபடி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் அப்பா இளவட்டமாக இருந்தபோது இதே மாதிரிக் கோரிக்கைக்காகச் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டவர், அதற்காக உள்ளே போய் வந்தவர். இன்றைக்கும் அந்தச் சாலையில் வெயிலில் போகும்போது "நெழலே இல்ல பாரு" என்று அவரே சலித்துக்கொள்வார். 

லீடருக்கு அந்தப் போராட்டம் வெறும் கொடி இல்லை. போலீஸ் தேர்வுக்கு மூச்சு முட்ட ஓடி, கயிறு ஏறி, கட்டாஃப் மதிப்பெண்ணில் நழுவியவன் அவன். வயதுவரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் கோபத்தில் நியாயம் இருந்தது, இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர்ந்த இடம் வேறு. தனக்குக் கிடைக்காத வேலையைக் கொடுக்காதவர்கள்மேல் போகாமல், தனக்குக் கீழே இருப்பதாக அவன் நினைத்தவர்கள்மேல் போனது. பகலெல்லாம் பைக்கில் கொடி கட்டிக்கொண்டு மனு கொடுக்கப் போவான். சாயங்காலம் வந்து மாடியில் உட்கார்ந்து சுடுவான்.

விளையாட்டுக்குள்ளும் போராட்டம் வந்துவிட்டது. எங்களைச் சுட்டவன் பெயரைப் பார்த்தால் பின்னால் சாதிப் பட்டம் ஒட்டியிருக்கும். சிங்கம், தீ, வாள் என்று படம் படமாகப் போட்டிருப்பார்கள். இன்னொரு பட்டக்காரன் அகப்பட்டால் ஜெயிப்பதை விட்டுவிட்டு அவனைத் துரத்துவார்கள். விளையாட்டு எங்களைக் கெடுத்தது என்கிறார்கள். எங்கள் கையில் கிடைத்த பிறகு அந்த விளையாட்டு என்ன ஆனது என்று யாரும் பேசுவதில்லை.

லீடரும் பட்டம் போட்டுக்கொண்டான். எங்களையும் போடச் சொன்னான். நான் அப்புறம் பார்க்கலாம் என்றேன். மலைக்காரன் தனக்கு மாற்றத் தெரியாது என்றான். "ஒனக்கு இன்னா, மலைக்குன்னே தனியா ஒதுக்கீடு குடுத்துட்டாங்க" என்று லீடர் குத்தினான். "எங்க ஊருக்கு மொதல்ல ரோடு குடுக்கச் சொல்லுங்க ப்ரோ" என்றான் மலைக்காரன். பெயர் மாற்ற விளையாட்டுக்குள் ஒரு அட்டை வேண்டும். அட்டை இல்லை என்று மெடிக் சொன்னான். லீடர் நம்பினான். அவனைத் தன் ஆள் என்றே நினைத்திருந்தான் போலிருக்கிறது. நல்லவனாக இருந்தால் தன் ஆளாகத்தான் இருப்பான் என்பது எங்கள் ஊர் நினைப்பு.

பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் பொழுதோடு போட்டிக்குப் பழகிக்கொண்டிருந்தோம். நாலு பேர் மைக்கும் திறந்திருந்தது. மெடிக் வீட்டு வாசலில் ஒரு ஆட்டோ ஒலிபெருக்கியோடு வந்து நின்றது. ரேஷன் கடையில் பொங்கல் பரிசுக்கான அறிவிப்பு. தெருத்தெருவாக யாருக்கு என்றைக்கு என்று சொல்லிக்கொண்டு போவார்கள். "காலனிப் பகுதி குடும்ப அட்டைதாரர்கள் நாளைக் காலை டோக்கனுடன் வரவும்" என்று என் இரண்டு காதிலும் கணீரென்று கேட்டது. திரும்பவும் ஒருமுறை சொன்னது. மெடிக் சட்டென்று மைக்கை மூடினான். மூடினதுதான் தப்பு. மூடாமல் இருந்திருந்தால், போகிற வழியில் எங்கேயோ ஆட்டோ கத்துகிறது என்று விட்டிருக்கலாம். எங்கள் மண்ணில் பிறந்தவன்தான் அந்த இடத்தில் மைக்கை மூடுவான், எங்கள் மண்ணில் பிறந்தவனுக்குத்தான் அந்த மௌனம் புரியும்.

மைக் மறுபடி திறந்தபோது லீடர் கேட்டான். "மெடிக்கு, அங்க நீ எந்தத் தெரு?"

இத்தனை மாதம் இல்லாத கேள்வி.

"காலனிதாங்க" என்றான் மெடிக்.

ப்ரோ போய் ங்க வந்துவிட்டது. அவன் யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது.  லீடர் ஆட்டத்தைத் தொடர்ந்தான். அந்த ஆட்டத்தில் அடிபட்டு விழுந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து தூக்க வந்த மெடிக்கை விட்டுத் தவழ்ந்து தவழ்ந்து என்னிடம் வந்தான். படத்தில் இருக்கிற பொம்மை, பொம்மையைத் தொடுவது. அதற்கும் ஒதுங்கினான்.

மறுநாள் வீட்டில் அவனைப் பிடித்துக் கேட்டேன். "இன்னாடா ஆயிப்போச்சு இப்ப? நேத்துவரைக்கும் அவன்தான தூக்கிவுட்டான்?"

"நம்ம ஆளுங்க ரோட்டுல நின்னு அடி வாங்கிக்கினு இருக்காங்க. நான் அவனுக்குப் போன் வாங்கிக் குடுக்கணுமா?"

"நீதான சொன்ன?"

"தெரியாம சொன்னேன்."

"அந்தப் பொண்ணுக்குப் பரீட்ச வருதுடா."

"அவுங்களுக்கு எல்லாம் தானா கெடைக்கும். நீ ஒன் பரீட்சயப் பாரு."

பச்சைக்கோடு தானாகப் போகாது என்று சொல்ல வந்தேன். அவன் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். ஆள் மாற்றக் கூடாது என்பதால்தான் மெடிக் அணியில் மிஞ்சினான். இல்லாவிட்டால் அன்றைக்கே கழற்றிவிட்டிருப்பான். ஜெயித்தால் போனை எப்படியாவது வாங்கிக் கொடுத்துவிடலாம், அப்பாவிடம் சொல்லியாவது செய்யலாம் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இறுதி ஆட்டம். நான் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். கரும்பு வெட்டி முடித்த கொல்லை மொட்டையாகக் கிடந்தது, அந்தப் பக்கம் மலை தெரிந்தது. மெடிக் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவும் எல்லாம் ங்க. ஆனால் ஆட்டம் பிரமாதமாக ஆடினான். என்னை ஒருமுறை தூக்கிவிட்டான், மலைக்காரனை ஒருமுறை தூக்கிவிட்டான்.

கடைசியில் எங்களோடு இன்னும் ஒரே ஒரு அணி மிச்சம். வட்டம் சுருங்க ஆரம்பித்தது. மலைக்காரன் முன்னாலேயே உள்ளே போய்விட்டான். லீடர் ஜீப்பில் என்னோடு. மெடிக் பின்னால் ஓடி வரும்போது குண்டு பட்டு விழுந்தான். அவன் திரையில் கோட்டுக்குப் பின்னால் நின்றவன் சுட்டிருக்க வேண்டும்.

"விழுந்துட்டேங்க" என்றான். வாங்க என்று கூப்பிடவில்லை.

நான் வண்டியை மெதுவாக்கினேன். லீடர் மைக்கில் சொன்னான், தெளிவாக, நிதானமாக. "நிறுத்தாத, போ. கீழ கெடந்து பழக்கந்தான அவுங்களுக்கு. கெடக்கட்டும்."

அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்த வீட்டில் இயர்போன் கிடையாது என்பது எனக்கு ஞாபகம் வந்தது. அவன் அம்மா அடுப்படியில் இருந்திருக்கும். அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். எனக்குக் கண்ணுமண்ணு தெரியாமல் கோபம் வந்தது. "நீதான்டா சட்டம் போட்ட, விழுந்தவனத் தூக்காம போவக் கூடாதுன்னு" என்று கத்தினேன். வண்டியைத் திருப்பினேன். லீடர் ஓடுகிற வண்டியிலிருந்து குதித்து இறங்கிவிட்டான்.

மெடிக் பக்கத்தில் போய் நிறுத்தி, இறங்கி, உட்கார்ந்தேன். தூக்குவதற்குச் சில நொடி ஆகும். தூக்குவதைத் திரையில் காட்டும் வளையம் பாதி நிரம்புவதற்குள் எதிரணி ஜீப்பைக் கொளுத்திவிட்டது. நானும் செத்தேன், மெடிக்கும் செத்தான். மிஞ்சிய இருவரை அவர்கள் நாலு பேரும் சேர்ந்து முடித்தார்கள். மலைக்காரன் மைக்கில் காற்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மெடிக்கிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நன்றி சொல்லியிருப்பான் என்று நினைத்துத் திறந்தேன். "ஏன் திரும்பி வந்தீங்க? போயிருந்தா ஜெயிச்சிருக்கலாம். குடுக்குறாரு குடுக்கல, அத அப்பறம் பாத்திருக்கலாம்ல" என்று எழுதியிருந்தான்.

 அந்தக் கேள்வியை இன்றுவரைக்கும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். நான் திருப்பியது ஜீப்பை. அவன் கேட்டது போனை. நாங்கள் மூன்று பேருமாகப் போயிருந்தால் ஜெயித்திருப்போம், அதில் சந்தேகமில்லை. ஜெயித்த பிறகு லீடரோடு சண்டை போட்டிருக்கலாம். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு வண்டியை நேரே ஓட்டிக்கொண்டு போவதும் என்னால் ஆகியிருக்காது. மெடிக் அதற்குப் பிறகு விளையாட்டுக்கு வரவே இல்லை. கடைக்காரர் இரண்டாம் பரிசாகக் கொடுத்த பவர் பேங்கை லீடர் வாங்கி வந்து வீட்டில் மேசைமேல் வைத்தான். யாரும் அதைத் தொடவில்லை.

பிறகு அரசு இடஒதுக்கீடு அறிவித்தது, ஊரே பட்டாசு வெடித்தது. அதே வருஷம் நீதிமன்றம் ரத்து செய்தது, அதற்கு வெடிக்கப் பட்டாசு இல்லை. லீடருக்கு வயது தாண்டிவிட்டது. இப்போது மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறான். நாங்கள் பேசிக்கொள்கிறோம், விளையாட்டைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. மலைக்காரன் குடகுப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போனதாக ஒரு செய்தி அனுப்பினான். அங்கே டவர் நன்றாக எடுக்கிறதாம், ஆட நேரமில்லையாம்.

சில வருஷம் கழித்து என் தங்கைக்கு வளைகாப்புப் புடவை எடுக்க அம்மாவோடு கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடைக்குப் போனேன். மாடிப்படியில் அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. விளையாட்டாக "ஏறு ஏறு, டைம் இல்ல" என்றேன். மேலே புடவை அடுக்கிக்கொண்டிருந்த பெண் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். எங்களுக்குப் புடவை எடுத்துப் போடும்போதும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா நிறம் பார்க்க ஜன்னல் பக்கம் போனதும் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அண்ணா, நீங்க டிரைவரா?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் தலையாட்டினேன்.

"நான் மெடிக்கு தங்கச்சிண்ணா. உங்க சத்தம் எங்க வூட்ல எல்லாருக்கும் தெரியும். நீங்க வண்டியத் திருப்புனப்ப நானுந்தான் பாத்துக்கினு இருந்தேன்."

அவள் அண்ணன் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறானாம். நீ படிக்கலையா என்று கேட்டேன். "அந்த வருசம் ஆல் பாஸ் போட்டுட்டாங்கண்ணா. பதினொண்ணாவது போய் உக்காந்தா கணக்கு ஒண்ணுமே புரியல. நின்னுட்டேன்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், அவள் அண்ணன் மாதிரியே. எனக்கு அப்போதும் சிரிப்பு வரவில்லை.

புடவையை மடிக்கத் தொடங்கினாள். மடித்துக்கொண்டே கேட்டாள். "அண்ணா, அந்த லீடரு யாருன்னு கடசிவரைக்கும் எங்களுக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் அவளும் நம்பியிருப்பாள். "எங்க சித்தப்பா பையன்" என்றேன்.

அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு மடிப்பை நீவிவிட்டு, புடவையை இரண்டு கையாலும் எடுத்து, என் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தாள்.

"பில்லு கீழ போடுவாங்க சார்" என்றாள்.